கண் கட்டிய தோழரை வழிநடத்தும் பயிற்சி: உடற்கல்வி வகுப்பில் தொடங்குவது எப்படி?

மாணவர்கள் இருவர் இருவராகச் சேர்ந்து செய்யும் பயிற்சிகளைப் புதிதாகத் தொடங்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். இணைக்கு இரண்டு துண்டுகளும், எல்லைக்கோடு போடச் சிறிது சுண்ணாம்புத் தூளும் இருந்தால் போதும்.

மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் உள்ளது போன்ற செயற்கை ஓடுதளம் எல்லாப் பள்ளிகளுக்கும் வாய்ப்பதில்லை. மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்து மண் தரையே இதற்குப் போதுமானது. ஆனால் வெறுங்காலுடன் நடக்கும் பிள்ளைகள் இருப்பார்கள் என்பதால், நெருஞ்சி முள்ளையும் கல்லையும் முதலில் அகற்றிவிட வேண்டும். நம் ஊர் வெயிலுக்குக் காலையின் முதல் இரண்டு பாடவேளைகளே ஏற்றவை.

முதல் படி, முதுகோடு முதுகு எழுதல். ஏறத்தாழ ஒரே உயரமும் எடையும் உள்ள இருவர் முதுகை ஒட்டி அமர்ந்து, முழங்காலை மடக்கி, கைகளைக் கோத்துக்கொண்டு சேர்ந்து எழ வேண்டும். ஒருவர் முந்தினால் இருவருமே சரிவார்கள். ஆகவே எப்போது எழுவது என்று பேசிக்கொள்ளாமல் இதைச் செய்ய இயலாது.

இரண்டாம் படி, சொற்களை முடிவு செய்தல். நேரே, வலது, இடது, நில் என்ற நான்கு சொற்களுக்கு மேல் வேண்டாம். இவற்றுள் 'நில்' என்பது இருவருக்கும் உரியது. கண் கட்டியவர் அதைச் சொன்ன நொடியில் வழிகாட்டி நின்றே ஆக வேண்டும். காரணம் கேட்கவோ "ஒண்ணும் இல்லடா, வா" என்று இழுக்கவோ கூடாது. தான் விரும்பியபோது நிறுத்த முடியும் என்பது உறுதியானால்தான் ஒரு பிள்ளை அடுத்த அடியைத் துணிந்து வைக்கும் என்பதால், இந்தப் பயிற்சி முழுவதும் இந்த ஒரு விதியின்மேல்தான் நிற்கிறது என்று நான் கருதுகிறேன்.

மூன்றாம் படி, நடை. முதலில் கண்ணைக் கட்டாமல் மூடிக்கொண்டு பத்தடி நடக்கட்டும். அச்சம் குறைந்தபின் ஒரு துண்டால் கட்டலாம், கட்ட விரும்பாதவரை வற்புறுத்த வேண்டாம். மற்றொரு துண்டின் இரு முனைகளையும் இருவரும் பிடித்துக்கொள்ள வேண்டும். மாணவரும் மாணவியரும் சேர்ந்து படிக்கும் வகுப்பில் கையைப் பிடிக்கத் தயங்குவோருக்கும் இம்முறை பொருந்தும். பாராலிம்பிக் போட்டியின் டி11 பிரிவில் பார்வையற்ற ஓட்டக்காரரும் வழிகாட்டியும் இப்படித்தான் ஒரு சிறு கயிற்றால் இணைந்து ஓடுகிறார்கள். அங்கே வழிகாட்டி தம் ஓட்டக்காரருக்கு முன்னதாக ஓட்டம் முடியும் கோட்டைக் கடக்கக் கூடாது. உங்கள் மாணவர்களுக்கு இந்த விதியைச் சொல்லுங்கள். வேகத்தை முடிவு செய்பவர் கண் கட்டியவரே என்பது அவர்களுக்கு விளங்கிவிடும்.

விளையாட்டாகத் தோழரை மரத்தின் பக்கம் கொண்டுபோகிறவர் அன்று மீண்டும் வழிகாட்டியாக வேண்டாம். எல்லைக்கோட்டில் காவல் நிற்கட்டும்.

நடை முடிந்ததும் கண் கட்டியிருந்தவரே முதலில் பேச வேண்டும். எந்த இடத்தில் பயந்தார், எந்தச் சொல் தாமதமாக வந்தது என்று அவர் சொல்லும்போது வழிகாட்டி குறுக்கிடக் கூடாது. பிறகு இருவரும் இடம் மாறலாம்.

அடுத்த வாரம் இணைகளை மாற்றுங்கள். பழைய துணையோடு ஓடப் பழகியவரும், புதியவரோடு அந்தப் பத்தடி நடையிலிருந்தே தொடங்க வேண்டும்.