மெஷ் ரிவிஷன்: நானும் செய்த தவறுகள்

கருப்பை இறக்கத்துக்கு வைத்த மெஷ் (தாங்குவதற்கான செயற்கை வலை) பிறப்புறுப்பின் சுவரைத் தாண்டி வெளியே தெரிகிறது என்று ஒரு நோயாளி வந்ததும், புதிதாகச் சேர்ந்த டாக்டர்கள் கேட்பது "தியேட்டர் எப்போ கிடைக்கும் மேடம்?" என்றுதான். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த மெஷ்ஷைச் சரிசெய்யும் மறு ஆபரேஷனில், அதாவது ரிவிஷனில், நடக்கும் தவறுகளைத்தான் சொல்லப்போகிறேன். ஆன்டிபயாட்டிக், ரத்தம் ரிசர்வ் செய்வது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

பழைய ஆபரேஷன் நோட் இல்லாமல் கத்தியை எடுப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். அமெரிக்காவில் கீழ்வழியாக, அதாவது பிறப்புறுப்பு வழியாக, வைக்கும் இறக்க மெஷ்ஷின் விற்பனையை 2019-இல் நிறுத்திவிட்டார்கள். ஆனால் ஏற்கெனவே வைத்த மெஷ் உடம்பில்தானே இருக்கிறது? டிஸ்சார்ஜ் சம்மரியில் "மெஷ் ரிப்பேர்" என்று ஒரே வரி இருக்கும். கீழேயிருந்து வைத்ததா, லேப்ராஸ்கோப்பியில் மேலேயிருந்து வைத்ததா? பிறப்புறுப்பின் சுவரில் எட்டிப் பார்க்கும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். மேலேயிருந்து வைத்ததென்றால் மறுமுனை திருவெலும்பின் (முதுகெலும்பின் அடிப்பகுதி எலும்பு) மேல்விளிம்பில் இருக்கும், பக்கத்திலேயே பெரிய ரத்தக் குழாய்கள். 2012-இல் விற்பனையை நிறுத்துவதாக அறிவித்த ப்ரோலிஃப்ட் என்ற கீழ்வழி மெஷ் என்றால் முன்பக்க மெஷ்ஷுக்கு நான்கு கைகள் (நீண்ட பட்டைகள்), இரு பக்கமும் இடுப்பெலும்பின் அப்டுரேட்டர் துளை வழியாகப் போயிருக்கும்.

என் கதையைச் சொல்கிறேன். 60 தாண்டிய ஓர் அம்மா. முன்சுவரில் ஒரு விரல் அகலத்துக்கு மெஷ் தெரிந்தது. இறக்கத்துக்கு வைத்ததுதான் என்று நானே முடிவு செய்து, தெரிந்த பகுதியை நறுக்கி எடுத்துத் தைத்தேன். ஆறு வாரம் கழித்து வந்து, "தும்மினாக்கூட சேலை நனையுது டாக்டரம்மா" என்றார். அதற்குப் பிறகுதான் மகன் பழைய கேஸ் ஷீட்டின் ஜெராக்ஸைக் கொண்டுவந்தார். அதில் எந்த மெஷ் என்று சொல்லும் இரண்டு ஸ்டிக்கர்கள்! ஒன்று இறக்க மெஷ், இன்னொன்று சிறுநீர்க் கசிவுக்கு வைத்த ஸ்லிங் (சிறுநீர் வெளியேறும் குழாயைத் தாங்கும் மெஷ் பட்டை). நான் வெட்டியது ஸ்லிங்கை. அவசியமென்றால் அதையும் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் கசிவு திரும்பலாம் என்று முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும், நான் சொல்லவில்லை.

கேஸ் ஷீட்டில் ஒட்டிய அந்த ஸ்டிக்கரைத் தேடிப் பிடியுங்கள். கிடைக்கவே இல்லையென்றால் பெரினியல் அல்ட்ராசவுண்ட் (பிறப்புறுப்பின் வெளிப்புறம் வைத்து எடுக்கும் ஸ்கேன்) பாருங்கள். அதில் மெஷ் வெள்ளைக் கோடாகத் தெரியும். சி.டி. எடுத்துப் பணத்தை வீணாக்க வேண்டாம், மெஷ் செய்யப்பட்ட பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் அதில் சரியாகத் தெரியாது.

தெரிந்ததையெல்லாம் வெட்டுவது

மிகச் சிறிதாகத் தெரிகிறது, வலியோ ரத்தமோ இல்லை என்றால் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் கொடுத்துக் காத்திருக்கலாம். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் சுற்றியுள்ள சுவரை நன்றாக விடுவித்துவிட்டுத் தையுங்கள். இழுத்துப் பிடித்துப் போட்ட தையல் மறுபடி திறந்துகொள்ளும்.

"முழுசா எடுத்துட்டா வலி போயிடும்" என்று வாக்குக் கொடுப்பது

கொடுக்காதீர்கள். வலி அப்படியே இருக்கலாம், இறக்கமும் திரும்ப வரலாம்.

சிஸ்டோஸ்கோப்பி பார்க்காமல் முடிப்பது

பாருங்கள். சிறுநீர்ப்பைக்குள் கேமரா விட்டு, சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய்களான இரண்டு யூரிட்டரிலிருந்தும் சிறுநீர் பீய்ச்சி வருகிறதா என்று பார்த்துவிட்டு முடியுங்கள்.

அரைகுறை நோட்

எத்தனை சென்டிமீட்டர் எடுத்தீர்கள், எந்தப் பக்கத்துக் கையை உள்ளேயே விட்டீர்கள் என்பதை அன்றைக்கே எழுதுங்கள். "மெஷ் அகற்றப்பட்டது" என்று மட்டும் எழுதிவைத்த ஒருவரை மறுநாள் ரவுண்ட்ஸில் நிறுத்தி, "எந்த மெஷ், எவ்வளவு?" என்று கேட்டேன். அவருக்கு ஞாபகமில்லை.