மோட்டார்ஹோமில் கார்ப்பெட்டை எடுத்துவிட்டுப் புதிய தரை போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் வீடுபோல் தங்கிப் பயணிக்கும் வண்டியான மோட்டார்ஹோம் ஒன்றைப் பழையதாக வாங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கைவைப்பது அதன் தரையில்தான். முந்தைய உரிமையாளரின் நாயும், பல ஆண்டுக் கடற்கரை மணலும், எப்போதோ ஒழுகிய சன்னல் நீரும் சேர்ந்து ஊறிய கார்ப்பெட்டோடு யாரும் நெடுநாள் குடித்தனம் நடத்த விரும்புவதில்லை. கடையில் வினைல் பலகைகள் அடுக்கடுக்காகக் கிடைக்கின்றன. வீட்டில் ஓர் அறைக்கு அதைப் போட்ட அனுபவமும் பலருக்கு உண்டு. மோட்டார்ஹோமின் தரைப்பரப்பு அந்த ஓர் அறை அளவுதான் இருக்கும் என்பதால், ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம் என்று இறங்குகிறார்கள். இந்த வேலையில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தக் கணக்கிலிருந்தே பிறக்கின்றன. வீட்டுத் தரை அசையாது, எடைக்குக் கணக்குக் கேட்காது, ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் இருக்கும். மோட்டார்ஹோமின் தரைக்கு இம்மூன்றும் பொருந்தாது.

தொழிற்சாலையில் வண்டி எந்த வரிசையில் கட்டப்படுகிறது என்பதை முதலில் அறிந்துகொள்வது நல்லது. பொதுவாகத் தரைப்பலகையின்மேல் கார்ப்பெட்டையும் வினைலையும் விரித்த பிறகே அலமாரிகளையும் உட்சுவர்களையும் நிறுத்துகிறார்கள்; பக்கவாட்டில் வெளியே நீளும் ஸ்லைடு அறைகள் அதற்கும் பின்னால் பொருத்தப்படுகின்றன. ஆகவே கார்ப்பெட்டின் ஓரங்கள் அலமாரிகளுக்கும் ஸ்லைடுக்கும் அடியில் மாட்டிக்கொண்டிருக்கும். அதை முழுவதுமாக எடுத்தே தீர்வது என்று அலமாரிகளைக் கழற்றத் தொடங்குவது தேவையற்ற துணிச்சல். அலமாரியின் அடியோரத்தை ஒட்டிக் கூர்மையான கத்தியால் வெட்டி, அடியில் இருப்பதை அப்படியே விட்டுவிடுவதே முறை. நடுப்பகுதியை ஓரடி அகலத் துண்டுகளாக அறுத்து உரித்தால் வேலை எளிதாகும். ஆத்திரத்தோடு இழுத்தால் கார்ப்பெட் வந்துவிடும். அதைப் பிடித்திருந்த ஸ்டேப்பிள் பின்கள் பலகையிலேயே நின்றுவிடும். அவை நூற்றுக்கணக்கில், சில வண்டிகளில் ஆயிரக்கணக்கில் இருக்கும். தட்டையான திருப்புளியால் நெம்பி, மூக்குக் குறடால் ஒவ்வொன்றாகப் பிடுங்குவதைத் தவிரக் குறுக்கு வழி இல்லை. சுத்தியலால் அடித்து உள்ளே இறக்கிவிடலாம் என்று நினைப்பவர்கள், ஓட்டத்தின் அதிர்வில் அவை மெல்ல மேலெழுந்து வினைலின் அடியில் குத்துவதைப் பிறகு காண்பார்கள். 1980களுக்கு முந்தைய வண்டியாக இருந்து, கார்ப்பெட்டுக்கு அடியில் பழைய வினைல் விரிப்போ கறுப்புப் பசையோ தென்பட்டால், அதைச் சுரண்டவோ தேய்க்கவோ கூடாது. அக்காலத்துத் தரைப்பொருள்களில், மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலைக் கெடுக்கும் அஸ்பெஸ்டாஸ் நார் கலந்திருக்க வாய்ப்புண்டு. ஆய்வகத்தில் ஒரு துண்டைச் சோதித்த பிறகே கைவைக்க வேண்டும்.

மிகுந்த பணச்சேதத்தைத் தரும் தவறுகள் ஸ்லைடு அறையைச் சுற்றியே நிகழ்கின்றன. ஸ்லைடுகளில் பொதுவாக இரண்டு வகை உண்டு. ஒன்றில், ஸ்லைடின் தரை எப்போதும் முதன்மைத் தரையைவிடச் சற்று உயரத்திலேயே இருந்து, உள்ளே வரும்போது அதன்மேல் நகர்ந்து வரும். மற்றொன்றில், வெளியே நீண்டதும் ஸ்லைடு கீழே இறங்கி இரு தரைகளும் ஒரே மட்டத்தில் அமையும். உள்ளே வரும்போது ஒரு சரிவின் வழியாக மேலேறி முதன்மைத் தரைமேல் வரும். இரண்டிலும் ஸ்லைடின் அடிப்பகுதிக்கும் முதன்மைத் தரைக்கும் இடையிலான இடைவெளி மிகச் சிறியது. கார்ப்பெட் அமுங்கிக் கொடுப்பதால், அது பார்வைக்கு எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் ஸ்லைடுக்கு இடைஞ்சலாக இருந்ததில்லை. அதே உயரமுள்ள கெட்டியான பலகை அமுங்காது. ‘பழைய கார்ப்பெட் அரை அங்குலம், புதிய பலகை கால் அங்குலம், ஆகவே இடம் தாராளம்’ என்ற கணக்குத் தவறாகப் போவது இதனால்தான். அமுங்கிய நிலையில் கார்ப்பெட்டின் தடிப்பு எவ்வளவு என்பதே இங்கே கணக்கு.

இடைவெளியை அளப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஸ்லைடு முழுவதும் வெளியே இருக்கும்போது அளந்தால் போதாது. அதனுள் இருக்கும் சோபா, குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றின் எடையோடு, பாதி உள்ளே வந்த நிலையிலும் முழுவதும் உள்ளே வந்த நிலையிலும், இரு மூலைகளிலும் நடுவிலும் தனித்தனியாக அளக்க வேண்டும். இவற்றில் மிகக் குறைந்த அளவே நமக்கு உரியது. அடுத்து, ஸ்லைடு எதன்மேல் நகர்கிறது என்று பார்க்க வேண்டும். சில வண்டிகளில் அடியிலுள்ள உருளைகள் நேரே முதன்மைத் தரையின்மேல் உருள்கின்றன. ஒரே கோட்டில் நூற்றுக்கணக்கான பவுண்டு எடையைத் தாங்கும் அந்தத் தடத்தில், ஒன்றோடொன்று கொக்கி போட்டுப் பூட்டும் பலகைகளின் இணைப்புகள் நொறுங்கிவிடும். சில வண்டிகளில் கார்ப்பெட்டே வழுக்குப் பரப்பாகப் பயன்படுகிறது. அதை எடுத்துவிட்டால் ஸ்லைடின் விளிம்பு புதிய தரையை வாரிக்கொண்டு போகும். இத்தகைய வண்டிகளில், ஸ்லைடு வந்து நிற்கும் இடம் வரை கார்ப்பெட்டை விட்டுவைத்து, அதற்கு முன்னால் புதிய தரையை முடித்துக்கொள்வதே என் பார்வையில் புத்திசாலித்தனம். அழகு சற்றுக் குறையும்தான்; ஸ்லைடின் மோட்டாரையும் பற்சக்கரத்தையும் மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் அது பெரிய குறையன்று. எதைப் போட்டாலும், ஸ்லைடைச் சந்திக்கும் முதல் பலகை வரிசையை முழுப் பசையால் ஒட்ட வேண்டும். முதன்முறை ஸ்லைடை இழுக்கும்போது ஒருவர் பொத்தானிலும் இன்னொருவர் தரையோடு தரையாகக் கண்ணை வைத்தும் இருக்க வேண்டும்.

பொருளைத் தேர்ந்தெடுப்பதில் நிகழும் தவறு கண்ணுக்குத் தெரிய ஒரு குளிர்காலமாவது பிடிக்கும். ஒன்றோடொன்று கொக்கி போட்டு, அடியில் ஒட்டாமல் மிதக்கவிடும் வினைல் பலகைகள் வீட்டுக்கென்று செய்யப்பட்டவை. 55 முதல் 85 டிகிரி ஃபாரன்ஹீட் (ஏறத்தாழ 13 முதல் 29 டிகிரி செல்சியஸ்) போன்ற வெப்ப வரம்பைப் பல உற்பத்தியாளர்கள் குறிப்பிடுகிறார்கள். அமெரிக்காவின் மினசோட்டாவிலோ கனடாவின் சஸ்காச்சவனிலோ குளிர்காலம் முழுவதும் சூடேற்றாமல் நிறுத்திய வண்டியின் உள்ளே மைனஸ் 30 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். அரிசோனாவின் கோடையில் மூடிக்கிடக்கும் வண்டிக்குள் 50 டிகிரியைத் தாண்டும். வினைல் பலகைக்கு அடிப்படையான பிவிசி பிளாஸ்டிக், நிரப்புப் பொருள் சேராத கெட்டி நிலையில், ஒரு டிகிரி செல்சியஸுக்குத் தன் நீளத்தில் ஏறத்தாழ பத்து லட்சத்தில் 50 முதல் 80 பங்கு வரை விரியும். 6 மீட்டர் நீளத் தரையில் 50 டிகிரி மாற்றம் ஏற்பட்டால், அது 15 முதல் 24 மில்லிமீட்டர் வரை ஆகிறது. கல்தூள் கலந்த பலகைகள் இதைவிடக் குறைவாகவே விரியும் என்றாலும், ஓரங்களில் வழக்கமாக விடும் கால் அங்குல இடைவெளியை நம்பி இருக்க முடியாது. குளிரில் பலகைகள் சுருங்கி விலகும், கொக்கிகள் முறியும். வெயிலில் நடுவில் கூடாரம்போல் எழும்.

மிதக்கும் தரை நகர்வதற்கு இடம் வேண்டும் என்பதால், அதைத் திருகாணியால் எங்கும் பிணைக்கக் கூடாது. மோட்டார்ஹோமிலோ உணவுமேசையின் கால், சோபாவின் பாதம், நாற்காலிகளின் பீடம் என்று எல்லாமே தரையோடு திருகப்பட்டிருக்கும், ஓடும் வண்டியில் அவை திருகப்பட்டே இருக்கவும் வேண்டும். இரண்டையும் ஒருசேர நிறைவேற்ற வழியில்லை. ஆகவே மோட்டார்ஹோமுக்குப் பசைபோட்டு ஒட்டும் மெல்லிய வினைல் பலகையோ, இணைப்பே இல்லாத வினைல் விரிப்போதான் ஏற்றது. விரிப்பைப் பழைய பாணி என்று பலர் ஒதுக்குகிறார்கள்; எடை குறைவு, தடிப்பு குறைவு, நீர் இறங்க இணைப்பு இல்லை என்ற மூன்று காரணங்களால் தொழிற்சாலைகள் அதை விடாமல் பயன்படுத்துகின்றன. அதன் ஒரே தொல்லை, அடியில் உள்ள சிறு மேடு பள்ளமும் மேலே தெரிந்துவிடும் என்பது. ஸ்டேப்பிள் துளைகளையும் பலகை இணைப்புகளையும் நிரப்புப் பூச்சால் சமப்படுத்திய பிறகே விரிக்க வேண்டும்.

எடையைப் பற்றி யோசிக்காமல் டைல் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். விலையுயர்ந்த டீசல் வண்டிகளில் தொழிற்சாலையே பீங்கான் டைல் போட்டுத் தருவதைப் பார்த்துவிட்டு வரும் ஆசை அது. அந்த வண்டிகளின் அடிச்சட்டம் அந்த எடையையும் சேர்த்துக் கணக்கிட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்டது. பீங்கான் டைலும் அதை ஒட்டும் கலவையும் சேர்ந்து சதுர அடிக்கு நான்கு பவுண்டுக்குக் குறையாது. 150 சதுர அடிக்கு 600 பவுண்டு. கல்தூள் கலந்த வினைல் பலகைகூடச் சதுர அடிக்கு இரண்டு பவுண்டை நெருங்கும். அமெரிக்காவில் 2008 முதல் விற்பனையாகும் மோட்டார்ஹோம்களில், ஆட்களும் சரக்குமாகச் சேர்த்து எவ்வளவு ஏற்றலாம் என்பதைச் சொல்லும் சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். அதில் எழுதியிருப்பது 1,500 பவுண்டு என்றால், டைல் மட்டுமே அதில் ஐந்தில் இரண்டு பங்கை எடுத்துக்கொள்ளும். ஓட்டத்தில் முறுக்கும் தரையில் டைல்களின் இணைப்புப் பூச்சு விரிசல் விடுவதும் இதோடு சேரும்.

ஈரத்தைப் பார்க்காமல் மூடிவிடுவது எல்லாவற்றையும் பாழாக்கும் தவறு. கார்ப்பெட்டை எடுத்த அன்றுதான் தரைப்பலகையின் உண்மை நிலை வெளிப்படும். நுழைவாயிலின் அருகிலும், கழிப்பறையைச் சுற்றியும், ஸ்லைடின் மூலைகளிலும், முன்கண்ணாடியின் கீழும் கறுத்த வட்டங்கள் இருக்கின்றனவா, காலால் அழுத்தினால் அமுங்குகிறதா என்று பார்க்க வேண்டும். முள் பதித்து ஈரம் அளக்கும் சிறு கருவி மலிவாகவே கிடைக்கிறது. அது 12 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால், ஒழுகும் இடத்தைக் கண்டுபிடித்து அடைத்து, பலகை காயும் வரை பொறுக்க வேண்டும். கார்ப்பெட்டாவது ஈரத்தை மெல்ல வெளியே விட்டுக்கொண்டிருந்தது, வினைல் விடாது. அடியில் சிக்கிய நீர் பலகையை உளுக்கச் செய்துவிடும். மெல்லிய பிளைவுட் தாள்களுக்கு நடுவே நுரைப்பலகையை வைத்து ஒட்டிய தரைகளில், நீர் புகுந்தால் தாளும் நுரையும் பிரிந்து, நடக்கும்போது மெத்தைபோல் அழுந்தும். அந்த இடத்தைப் பழுதுபார்க்காமல் மேலே எந்தப் பலகையை ஒட்டினாலும் நிற்காது.

ஓட்டுநர் பகுதியை வீட்டுக் கூடத்தின் தொடர்ச்சியாக நினைத்துவிடக் கூடாது. பயணிக்கும்போது பயன்படும் இருக்கைகளும் அவற்றின் பெல்ட்டுகளும் பிணைந்துள்ள போல்ட்டுகள் அமெரிக்கக் கூட்டரசின் 207, 210 எண் பாதுகாப்புத் தரநிலைகளுக்கு உட்பட்டவை. பீடத்துக்கு அடியில் மிதக்கும் பலகையைச் செருகி, கடையில் கிடைத்த நீளமான போல்ட்டை மாட்டி இறுக்குவது உயிரோடு விளையாடுவதாகும். பீடத்தைக் கழற்றாமல் அதைச் சுற்றித் தரையை வெட்டிப் பொருத்துவதே பாதுகாப்பு. பெட்ரோலில் ஓடும் வண்டிகளில் இரு முன் இருக்கைகளுக்கும் நடுவில் என்ஜின் மூடி இருக்கும். அதன்மேலுள்ள கார்ப்பெட்டும் அடிமெத்தையும் சூட்டையும் சத்தத்தையும் தடுப்பதற்காகவே வைக்கப்பட்டவை. அங்கே வினைலை ஒட்டினால் பசை இளகும், உள்ளே இரைச்சல் கூடும். மூடியின் விளிம்பில் உள்ள ரப்பர் பட்டையைச் சேதப்படுத்தினால் என்ஜின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உள்ளே வர வழி திறந்துவிடும். முன்பகுதியில் மட்டும் கார்களுக்கான புதிய கார்ப்பெட்டை வெட்டிப் போடுகிறவர்கள் சரியான முடிவையே எடுக்கிறார்கள். பெடல்களுக்கு அருகே நழுவும் மிதியடி எதையும் போடக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சூடேற்றியின் காற்றுத் துளைகளையும், தண்ணீர் பம்புக்கும், பல டீசல் வண்டிகளில் பின்னால் இருக்கும் என்ஜினுக்கும் உரிய திறப்புகளையும் கார்ப்பெட்டை எடுக்கும் முன்பே படமெடுத்து வைக்காதவர்கள், பிறகு அவற்றின்மேலேயே தரையை ஒட்டிவிடுவதுண்டு. தரைக்கு நேர் கீழே கழிவுநீர்த் தொட்டிகளும் எரிபொருள் தொட்டியும் புரொப்பேன் எரிவாயுக் குழாயும் மின்கம்பிகளும் போகின்றன. தரைப்பலகையின் தடிப்பைவிட நீளமான திருகாணி எதையும் முடுக்கக் கூடாது. மரத்தூளை அழுத்திச் செய்த லாமினேட் பலகை மலிவாகக் கிடைத்தாலும் நீர் பட்டால் ஊதிவிடும். தவிரவும், சன்னல்களை மூடிவைத்த சிறிய இடத்தில் அதிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயு வீட்டைவிட அடர்த்தியாகத் தேங்கும். 2005இன் கத்ரீனா புயலுக்குப் பின் அமெரிக்க அரசு மக்களுக்குக் கொடுத்த தற்காலிக டிரெய்லர் வீடுகளில் எழுந்த புகார்கள் இதைப் பற்றியவைதாம். அதற்கான அமெரிக்க உமிழ்வு வரம்புக்கு உட்பட்டது என்ற முத்திரை பெட்டியில் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

ஓரப்பட்டைகளை ஆணியடிக்கும்போது அவற்றைத் தரையோடு சேர்த்து அடிக்காமல் அலமாரியின் பக்கமாகவே அடிக்க வேண்டும். வாயிற்படியின் விளிம்புக்கு வழுக்காத வரிப்பள்ளம் கொண்ட உலோக மூக்குப்பட்டையைத் திருகாணியாலும் பசையாலும் சேர்த்துப் பிணைக்க வேண்டும். மழையில் நனைந்த செருப்போடு ஏறுகிற இடத்தில் வெறும் வினைல் வழுக்கிவிடும்.