சீசன் முடிந்த மெயில் அக்கவுன்ட்டைத் தூங்க வைப்பது எப்படி?

குமுளி, வண்டன்மேடு பக்கம் ஏலக்காய் வியாபாரத்தோடு லாட்ஜும் நடத்துபவர்களின் கம்ப்யூட்டர் மெயில் மென்பொருளில் மூன்று நான்கு மெயில் அக்கவுன்ட் இருப்பது சாதாரணம். மகரவிளக்கு முடிந்து ஐயப்ப பக்தர் கூட்டம் வடிந்துவிட்டால் லாட்ஜ் அக்கவுன்ட்டுக்கு நவம்பர் வரை பெரிய வேலை இல்லை. ஆனால் அது பாட்டுக்குச் சர்வரைத் தட்டிக்கொண்டே இருக்கும். மழைக்காலத்தில் நெட் விட்டு விட்டு வரும்போது அதற்கும் சேர்த்து எரர் வரும். பாஸ்வேர்ட் மாறியிருந்தால் கேள்விப் பெட்டி வந்து வந்து நிற்கும்.

இந்தத் தொல்லைக்காக அக்கவுன்ட்டையே நீக்கிவிடாதீர்கள். ஐமேப் (மெயிலைச் சர்வரிலேயே வைத்துப் படிக்கும் முறை) என்றால் மெயிலெல்லாம் சர்வரில் இருக்கும், பிழைத்துக்கொள்ளலாம். பாப் (மெயிலைக் கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்ளும் முறை) என்றால், நீக்கும்போது 'ரிமூவ் மெசேஜ் டேட்டா' கட்டத்தில் டிக் இருந்தால் கம்ப்யூட்டரில் மட்டும் இருந்த பழைய பில்லெல்லாம் போனது போனதுதான்.

தண்டர்பேர்டில் (இலவச மெயில் மென்பொருள்) முதலில் சாதுவான வழியைப் பாருங்கள். மூன்று கோடு மெனுவில் அக்கவுன்ட் செட்டிங்ஸ் திறந்து, அந்த அக்கவுன்ட்டின் கீழ் சர்வர் செட்டிங்ஸுக்குப் போங்கள். திறந்தவுடன் புது மெயில் பார்க்கும் டிக், குறிப்பிட்ட நிமிஷத்துக்கு ஒருமுறை பார்க்கும் டிக் (வழக்கமாக 10 நிமிஷம்) இரண்டையும் எடுங்கள். ஐமேப்பில் மூன்றாவது ஒன்று உண்டு: மெயில் வந்ததும் சர்வரே உடனே தகவல் சொல்ல அனுமதிக்கும் டிக். பலர் இதை விட்டுவிட்டு, 'எடுத்தும் மெயில் வருகிறதே' என்பார்கள். மூன்றையும் எடுத்தாலும் அந்த இன்பாக்ஸை நீங்களே க்ளிக் செய்தால் அது சர்வருக்குப் போகும். 'ஒர்க் ஆஃப்லைன்' இதற்கு உதவாது. அது எல்லா அக்கவுன்ட்டையும் சேர்த்து நிறுத்திவிடும்.

பெரும்பாலோருக்கு இவ்வளவே போதும். கண்ணிலேயே படக்கூடாது என்றால்தான் அடுத்த வழி.

தண்டர்பேர்டை மூடிவிட்டு, ப்ரொஃபைல் ஃபோல்டரை (உங்கள் மெயிலும் செட்டிங்ஸும் இருக்கும் ஃபோல்டர்) முழுசாக வேறு இடத்தில் காப்பி எடுங்கள். பிறகு திறந்து செட்டிங்ஸ், ஜெனரல் பக்கத்தின் அடியில் உள்ள கான்ஃபிக் எடிட்டரில் (உள் செட்டிங்ஸைத் திருத்தும் பக்கம்) 'மெயில்.அக்கவுன்ட்மேனேஜர்.அக்கவுன்ட்ஸ்' என்ற வரியைத் தேடுங்கள் (தேடும்போது ஆங்கில எழுத்தில்). அக்கவுன்ட்1, அக்கவுன்ட்2 என்று கமா போட்ட வரிசை இருக்கும். அதை அப்படியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். லாட்ஜ் அக்கவுன்ட்டின் எண்ணையும் அதற்குரிய கமாவையும் எடுத்துவிட்டு தண்டர்பேர்டை மூடித் திறந்தால் அது மறைந்திருக்கும். மெயில் ஃபைல்கள் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும்.

இங்கே தடுக்கி விழும் இடம் எண்தான். திரையில் மூன்றாவதாகத் தெரிவது அக்கவுன்ட்3 ஆக இருக்கவேண்டும் என்பதில்லை. அக்கவுன்ட் எண்ணும் சர்வர் எண்ணும்கூட வேறுபடலாம். 'மெயில்.அக்கவுன்ட்.அக்கவுன்ட்3.சர்வர்' என்பது எந்தச் சர்வரைக் காட்டுகிறது, அந்தச் சர்வரின் யூசர்நேம் எது என்று பார்த்து உறுதி செய்யுங்கள். கம்ப்யூட்டரிலேயே மெயிலை வைக்கும் லோக்கல் ஃபோல்டர்ஸும் இந்த வரிசையில் ஒன்று, அதைத் தொடாதீர்கள். மறைக்கப்போவது டீஃபால்ட் அக்கவுன்ட் என்றால் முதலில் வேறொன்றை டீஃபால்ட் ஆக்குங்கள். மறைந்த ஃபோல்டருக்கு மெயிலைத் தள்ளும் ஃபில்டர் இருந்தால் அதையும் நிறுத்தி வையுங்கள், இல்லையேல் போகும் இடம் தெரியாமல் தடுமாறும். மறைத்ததை மறந்து அதே முகவரியைப் புதிதாகச் சேர்த்தால் இன்னொரு எண்ணில் இரட்டிப்பாகிவிடும்.

பழைய அவுட்லுக்கில் (மைக்ரோசாஃப்டின் மெயில் மென்பொருள்) கன்ட்ரோல், ஆல்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தி, 'ஆல் அக்கவுன்ட்ஸ்' குரூப்பை எடிட் செய்து, இடப்பக்கம் அக்கவுன்ட்டைத் தேர்ந்து, குரூப்பில் சேர்க்கும் டிக்கை எடுங்கள். எக்ஸ்சேஞ்ச் (நிறுவனங்களுக்கான மைக்ரோசாஃப்ட் மெயில் சர்வர்) அக்கவுன்ட்டை நிறுத்த இதை நம்ப வேண்டாம். ஆப்பிள் மெயில், லினக்ஸில் உள்ள எவல்யூஷன் இரண்டிலும் வேலை எளிது: அக்கவுன்ட் செட்டிங்ஸிலேயே நிறுத்தும் வசதி உண்டு.

எதைச் செய்தாலும் சர்வரில் மெயில் வந்து விழுந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே ரூம் கேட்டு எழுதுபவர்களுக்கு பிரவுசரில் ஆட்டோ ரிப்ளை போட்டுவிடுங்கள். ஜிமெயிலின் இலவச 15 ஜிபி டிரைவுக்கும் போட்டோவுக்கும் சேர்த்துத்தான். அது நிரம்பினால் அனுப்பியவருக்கே மெயில் திரும்பிப் போகும். கார்த்திகைக்கு இரண்டு வாரம் முன்பே எழுதி வைத்த வரிசையைத் திரும்பப் போட்டு, டிக்குகளை வைத்து, வேறு முகவரியிலிருந்து ஒரு மெயில் அனுப்பிப் பாருங்கள்.