ஆக்சோலாட்டில் நிறம் மாறுகிறதா? முதலில் தொட்டியின் அடியைப் பாருங்கள்

ஆக்சோலாட்டில் என்பது தொட்டியில் வளர்க்கப்படும், பல்லி போன்ற உருவமுள்ள நீர்வாழ் உயிரி (சாலமண்டர் இனம்). அதில் சுற்றுப்புறத்துக்கு ஏற்பச் சற்றே வெளிறுவதும் கறுப்பதும் பெரும்பாலும் கரும்பழுப்பு நிறக் காட்டு வகைதான். தோலின் கருநிறமிச் செல்களில் நிறமி ஒடுங்கினால் வெளிறும், பரவினால் கறுக்கும். அல்பினோவிடம் இதை எதிர்பார்க்காதீர்கள். அதற்குக் கருநிறமியே கிடையாது.

கருமை வேண்டுமா? 1 மில்லிமீட்டருக்கும் நுண்ணிய கறுப்பு மணலை 2 சென்டிமீட்டர் பரப்பி, தொட்டியின் பின்புறம் கறுப்புத் தாள் ஒட்டுங்கள். சரளைக்கல் மட்டும் வேண்டவே வேண்டாம். இரையோடு சேர்த்து விழுங்கிக் குடல் அடைத்துவிடும். வாரம் ஒருமுறை ஒரே வெளிச்சத்தில் படமெடுத்து ஒப்பிடுங்கள். பச்சோந்தி வேகம் இதில் இல்லை, சில வாரங்கள் ஆகலாம்.

மணலை மாற்றாமலே திடீரென வெளிறினால் கதை வேறு. செவுள் நுனி முன்பக்கம் வளைந்திருக்கிறதா, தீனியை ஒதுக்குகிறதா? உடனே தண்ணீரில் சேரும் நச்சான அம்மோனியாவைச் சோதியுங்கள், 0 இருக்க வேண்டும். தண்ணீர் 16–18 டிகிரி செல்சியஸில் இருக்கட்டும்.