பேஸ்புக் விளம்பரத்தில் தொலைபேசி இலக்கம் வாங்குவது எப்படி: திருகோணமலைத் தொழில்களுக்கான செய்முறை

உப்புவெளியில் விடுதி, மத்திய வீதியில் நகைக்கடை, உவர்மலையில் தனியார் வகுப்பு என்று எதை நடத்தினாலும், பேஸ்புக்கில் படிவத்தோடு ஒரு விளம்பரம் போட்டால் ஒரே கிழமையில் பெயரும் இலக்கமும் வந்து சேரும். படிவம் செய்ய அரைமணி நேரம் போதும். வந்த இலக்கங்களை எப்படி வைத்திருக்கிறோம் என்பதில்தான் பெரும்பாலானோர் பிசகுகிறார்கள்.

முதலில் சட்டம், சுருக்கமாக. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மீறல் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க அது இடமளிக்கிறது. சட்டம் முழுவதும் ஒரே நாளில் நடைமுறைக்கு வருவதில்லை, பகுதி பகுதியாகவே வருகிறது. ஆகவே எந்தப் பகுதி இப்போது நடப்பில் உள்ளது என்பதை வர்த்தமானியில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தத் திகதிக்காகக் காத்திருந்து பழைய பட்டியலைத் திருத்துவதைவிட இன்றே ஒழுங்காகத் தொடங்குவது சுலபம்.

படி 1: எதற்காக என்று ஒரு வரியில் எழுதுங்கள்

"புறாத்தீவு படகுப் பயணத்தின் விலையைக் கேட்டவருக்கு விலை சொல்ல." இவ்வளவு போதும். இந்த வரிக்கு உதவாத கேள்வி எதுவும் படிவத்துக்குள் வரக்கூடாது. விலை சொல்ல வீட்டு முகவரி எதற்கு?

அதிகம் காணும் பிழை, அடையாள அட்டை இலக்கம் கேட்பது. "சும்மா இருக்கட்டும்" என்று கேட்கிறார்கள். 12 இலக்கப் புதிய அட்டையின் முதல் 4 எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த 3 எண்கள் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதோடு 500 கூடியிருக்கும். ஆக ஒரு பெட்டியில் பிறந்த திகதியும் ஆணா பெண்ணா என்பதும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. அறைக்குப் பதியும்போது அட்டை வேண்டுமென்றால் ஆள் நேரில் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம். மதம், இனம், நோய், வங்கிக் கணக்கு போன்றவற்றை முன்அனுமதி இல்லாமல் படிவத்தில் கேட்க பேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனமே விடாது, விளம்பரம் நிராகரிக்கப்படும்.

படி 2: தனியுரிமை அறிவிப்பு

அறிவிப்புப் பக்கத்தின் இணைப்பைக் கொடுக்காமல் உடனடிப் படிவத்தை (விளம்பரத்தைத் தொட்டதும் பேஸ்புக்குள்ளேயே திறக்கும் படிவம்) வெளியிட முடியாது. அதனால் பலர் ஏதோ ஒரு நிறுவனத்தின் அறிவிப்பை அப்படியே பிரதி செய்து, உள்ளே அந்த நிறுவனத்தின் பெயரைக்கூட மாற்றாமல் விட்டுவிடுகிறார்கள். உங்களுடையதை நீங்களே ஒரு பக்கத்தில் எழுதலாம். இருக்க வேண்டியவை: தொழிலின் பெயர், முகவரி, தொடர்பு இலக்கம், என்னென்ன விவரம் எடுக்கிறீர்கள், எதற்கு, யார் யார் பார்ப்பார்கள், விளம்பர முகவர் இருந்தால் அவரும், எத்தனை மாதம் வைத்திருப்பீர்கள், அழிக்கச் சொல்ல எங்கே அறிவிக்க வேண்டும்.

விளம்பரம் எந்த மொழியிலோ, அறிவிப்பும் அந்த மொழியில். நம்மூரில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் விளம்பரம் ஓடும், அறிவிப்பு மட்டும் ஆங்கிலத்தில் தூங்கும். வாசிக்க முடியாத ஒன்றுக்கு ஒருவர் சம்மதித்தார் என்று பிறகு வாதாட முடியாது.

படி 3: சம்மதப் பெட்டிகள்

செய்முறையின் இதயம் இதுதான். விலை கேட்டவருக்கு விலை அனுப்பப் பெட்டி தேவையில்லை, அதை அவரே கேட்டிருக்கிறார். பெட்டி வேண்டியது அதற்குப் பிறகு நீங்கள் அனுப்ப நினைக்கும் விளம்பரச் செய்திகளுக்கு. படிவத்தில் 'தனிப்பயன் பொறுப்புத்துறப்பு' என்ற பகுதியைத் திறந்து இப்படி எழுதுங்கள்:

"புதிய பயணங்கள், விலைக்கழிவுகள் பற்றி மாதம் இரண்டு முறைக்கு மேற்படாமல் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். 'நிறுத்து' என்று பதில் அனுப்பி எப்போதும் இலவசமாக நிறுத்தலாம்."

இந்தப் பெட்டியைக் 'கட்டாயமற்றது' என்றே வையுங்கள். கட்டாயமாக்கினால் விலை தெரிய வேண்டுமென்ற ஒரே காரணத்துக்காக எல்லோரும் அடையாளமிடுவார்கள். அதை விரும்பித் தந்த சம்மதம் என்று சொல்ல முடியாது. குறுஞ்செய்திக்கும் வேண்டுமென்றால் இன்னொரு பெட்டி. "நிபந்தனைகள் அனைத்தையும் ஏற்கிறேன்" என்ற ஒற்றை வரியில் எல்லாவற்றையும் அடைப்பது வேலைக்காகாது.

வெளியிட்ட படிவத்தைத் திருத்த முடியாது, பிரதி எடுத்துப் புதிதாகத்தான் செய்ய வேண்டும். சலிப்பான விஷயம் போலத் தோன்றினாலும் இது உங்களுக்கு நன்மை. 'படகு-தமிழ்-01', 'படகு-தமிழ்-02' என்று பெயரிட்டால், எந்த நாளில் வந்தவர் எந்த வாசகத்துக்குச் சம்மதித்தார் என்பதற்கு ஆதாரம் தானாகவே சேர்ந்துவிடும். ஒவ்வொன்றையும் திரைப்பிடிப்பாக எடுத்து வையுங்கள்.

வகுப்பு நடத்துவோருக்கு மட்டும்

இச்சட்டத்தில் 16 வயதுக்குக் குறைந்தவர் சிறுவர். அவர்களின் விவரம் கூடுதல் பாதுகாப்பு வேண்டிய விசேட வகையைச் சேர்ந்தது. சம்மதம் தர வேண்டியவர் பெற்றோர் அல்லது சட்டபூர்வப் பாதுகாவலர். தரம் 9, 10 மாணவர்களுக்கான வகுப்பென்றால் விளம்பரத்தையே பெற்றோரை நோக்கி எழுதி, பெற்றோரின் பெயரையும் இலக்கத்தையும் மட்டும் வாங்குங்கள். பிள்ளையின் பெயர், பாடசாலை எல்லாம் சேரும் நாளில் கேட்டால் போதும்.

வெளிநாட்டாரை எதிர்பார்க்கும் விடுதிகளுக்கு

ஜெர்மனியில் இருப்பவருக்கு, ஜெர்மன் மொழியில், யூரோவில் விலை போட்டு விளம்பரம் ஓட்டினால், நிலாவெளியில் இருக்கும் உங்களுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதியான ஜிடிபிஆர் (GDPR) பொருந்தும். 2018 மே 25 முதல் நடப்பில் உள்ள அந்த விதிப்படி, வாடிக்கையாளர் தன் விவரத்தைக் கேட்டால் பொதுவாக ஒரு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். ஒருவருக்குப் பாதிப்பு வரக்கூடிய விதத்தில் தரவு கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் மேற்பார்வை அமைப்புக்கு அறிவிக்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரையான பருவத்துக்காக ஐரோப்பாவில் விளம்பரம் போடுவோர் அதற்குத் தனிப் படிவம் வைப்பது நல்லது.

படி 4: வந்த இலக்கங்கள்

மெட்டாவிலிருந்து பட்டியலை 90 நாட்களுக்குள் தரவிறக்க வேண்டும்; அதன் பிறகு அங்கே கிடைக்காது. தரவிறக்கியதும் வழக்கமாக நடப்பது: பட்டியல் உள்ள சிஎஸ்வி (CSV) கோப்பு கடை வாட்ஸ்அப் குழுவுக்குள் விழும். குழுவில் ஏழு பேர் இருந்தால் ஏழு தொலைபேசியில் பிரதி. அதிலொருவர் வேலையை விட்டு அடுத்த விடுதியில் சேர்ந்தால் பட்டியலும் கூடவே போகும். குழுவில் அழித்தாலும் அவர் தொலைபேசியில் ஏற்கெனவே இறங்கிய கோப்பு அழியாமல் இருக்கலாம்.

அதனால் ஒரே ஒரு கூகிள் விரிதாள். பகிர்வில் 'இணைப்பு உள்ள எவரும்' என்பதை அணைத்து, அழைப்பு எடுக்கும் இருவரின் மின்னஞ்சலை மட்டும் சேருங்கள். கணக்குகளுக்கு இருபடிச் சரிபார்ப்பு போடுங்கள். மெட்டா வணிக அமைப்பில் 'லீட் அணுகல்' (லீட் என்பது படிவம் நிரப்பியவரின் விவரம்) என்ற இடத்தில் யார் பார்க்கலாம் என்று ஆளைக் குறித்து வையுங்கள். தொடாமல் விட்டால் பக்கத்தின் நிர்வாகிகள் எல்லோருக்கும் பட்டியல் திறந்தே கிடக்கும். முன்பு விளம்பரம் போட்டுத் தந்த தம்பியும் அதில் இருக்கலாம். முகவர் இருந்தால், இந்த இலக்கங்களை வேறு வாடிக்கையாளருக்குப் பாவிக்கமாட்டேன் என்று எழுத்தில் வாங்குங்கள். தவறு நடந்தால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

இன்னொன்று. படிவம் பேஸ்புக் கணக்கில் உள்ள இலக்கத்தைத் தானாக நிரப்பும். அது பழைய சிம்மாக இருக்கலாம். அழைத்தால் வேறு யாரோ எடுப்பார். படிவ வகையில் 'அதிக ஆர்வம்' என்பதைத் தெரிவுசெய்தால், அனுப்புமுன் விவரத்தைச் சரிபார்க்கும் திரை ஒன்று கூடுதலாக வரும். லீட் எண்ணிக்கை சற்றுக் குறையலாம், பிழையான இலக்கமும் குறையும்.

படி 5: நிறுத்து என்றவரும், பழைய பட்டியலும்

'நிறுத்து' வந்தால் அன்றே விரிதாளிலிருந்து நீக்கி, இலக்கத்தை மட்டும் 'அனுப்பாதே' என்ற தனித் தாளில் போடுங்கள். முழுவதும் அழித்துவிட்டால், அடுத்த விளம்பரத்தில் அதே இலக்கம் மறுபடி வந்து, மறுபடி செய்தி போகும். ஒவ்வொரு முறை அனுப்புமுன்னும் இரண்டு தாளையும் ஒப்பிடுங்கள்.

வாங்காமல் போனவர்களின் வரிகளை 6 மாதத்தில் அழிக்க நாட்காட்டியில் நினைவூட்டல் வையுங்கள். பருவத் தொழிலென்றால் பருவம் முடிந்த மாதம் வசதி. பட்டியலை மீண்டும் பேஸ்புக்கில் ஏற்றி 'இவர்களைப் போன்றவர்களுக்கு' விளம்பரம் காட்டுவது புதிய நோக்கம். அறிவிப்பில் அதைச் சொல்லாமல் வாங்கிய இலக்கங்களை அதற்கு எடுக்காதீர்கள்.

விளம்பரத்துக்குக் காசு போடுமுன் மெட்டாவின் சோதனைக் கருவியில் ஒரு போலி லீட் அனுப்பிப் பாருங்கள். பெட்டியில் அடையாளமிட்டும் இடாமலும் இரண்டு முறை அனுப்புங்கள். விரிதாளில் அந்த வேறுபாடு தனி நிரலாகத் தெரியவில்லையென்றால், படிவத்தை இன்னும் ஓடவிடாதீர்கள்.