மாநில கேபிள் உரிமமும் ஊர் சேனல்களும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் பல ஊர்களின் கேபிள் டிவியில் ஊர்க்காரர்களுக்கென்றே சேனல் உண்டு. நகரமன்றக் கூட்டம், பள்ளி விழா, ஆர்வமுள்ள யாரோ ஒருவர் நடத்தும் அரட்டை நிகழ்ச்சி எல்லாம் அதில் வரும். தெருவைத் தோண்டிக் கம்பி போட வந்த நிறுவனத்திடம் நகராட்சி பேரம் பேசி வாங்கியது அது. 1984-ம் ஆண்டின் ஃபெடரல் (மத்திய அரசின்) கேபிள் சட்டம் இதற்கு இடம் தந்தது. பிறகு டிவி சேவையில் இறங்கிய தொலைபேசி நிறுவனங்கள், ஊர் ஊராகப் பேரம் பேச முடியாது என்றன. 2005-ல் டெக்சாஸ் மாநிலமே உரிமம் வழங்கத் தொடங்க, கலிபோர்னியா, விஸ்கான்சின் என்று பல மாநிலங்கள் அதே வழியில் போயின.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, உரிமக் கட்டணத்தை மட்டும் பார்ப்பது. "வருமானத்தில் 5 சதவீதம் வரை நகராட்சிக்கு இன்னும் வருகிறதே, அப்புறம் என்ன நஷ்டம்?" என்பார்கள். அந்தப் பணம் தெருவைப் பயன்படுத்துவதற்கான வாடகை. பெரும்பாலும் அது நகராட்சியின் பொது நிதியில் சேர்ந்து, சாலைக்கோ போலீசுக்கோ போய்விடும். ஊர் சேனல் உயிரோடு இருந்தது பேரத்தில் கிடைத்த மற்றவற்றால்தான்: ஸ்டுடியோ, பயிற்சி, நடத்துவதற்கான செலவு. கலிபோர்னியாவின் 2006 சட்டத்துக்குப் பிறகு ஸ்டுடியோ நடத்தும் கடமை நிறுவனங்களுக்கு இல்லாமல் போனது. 2009 பிறந்தபோது லாஸ் ஏஞ்சலிஸில் கேபிள் நிறுவனம் நடத்திவந்த பொது ஸ்டுடியோக்கள் மூடியிருந்தன. விஸ்கான்சின் சட்டமோ ஊர் சேனலுக்கான தனிக் கட்டணத்தையே 2011-க்குள் நிறுத்திவிட்டது. 5 சதவீதத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு இது எதுவும் கண்ணில் படவில்லை.

கலிபோர்னியாவில் ஊர் சேனலுக்காக 1 சதவீதம் வரை கூடுதலாக வாங்கலாம். அதை நம்பி ஆளை வேலைக்கு எடுப்பது அடுத்த தவறு. 5 சதவீத வரம்புக்கு வெளியே நிற்க வேண்டுமானால், ஃபெடரல் சட்டப்படி அது கட்டடம், கருவி போன்ற மூலதனச் செலவுக்கு மட்டும்தான். கேமரா வாங்கலாம், கேமராவைப் பிடிப்பவருக்குச் சம்பளம் தர முடியாது. (புத்தம்புதுக் கருவிகளும் பூட்டிய கதவும் உள்ள ஸ்டுடியோ உருவாக இதைவிட நல்ல வழி கிடையாது!) இன்னொன்று: இந்தக் கட்டணம் தானாக வராது, நகராட்சி தீர்மானச் சட்டம் போட வேண்டும். மாநில உரிமம் 10 ஆண்டுகள். அது முடியும்போது இந்தச் சட்டமும் காலாவதியாகிவிடும், மறுபடி நிறைவேற்ற வேண்டும். தேதியைக் குறித்து வைக்காத ஊருக்கு வருமானம் சத்தமில்லாமல் நின்றுபோகும்.

சேனல் இருந்தாலே போதும் என்று இருந்துவிடவும் கூடாது. தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி-யின் யூ-வெர்ஸ் டிவி சேவை, ஊர் சேனல்களைத் தனித்தனி எண்ணில் தராமல் 99-ம் எண்ணுக்குள் ஒரு பட்டியலாக வைத்தது. ரிமோட்டில் எண்களை வரிசையாகத் தட்டிக்கொண்டு போகிறவருக்கு அவை தட்டுப்படவே படாது. 2008-ல் மிச்சிகனில் காம்காஸ்ட் என்ற கேபிள் நிறுவனம் இவற்றை 900-க்கு மேற்பட்ட எண்களுக்கு மாற்றப் பார்த்தபோது, டியர்பார்ன் நகரம் நீதிமன்றம் போய்த் தடுத்தது. அதனால் எந்த எண், என்ன படத் தரம், நிகழ்ச்சி வழிகாட்டியில் பெயர் வருகிறதா என்று எழுத்தில் கேட்பது நல்லது.

பழைய செய்தியை வைத்து வாதாடுவதும் நடக்கிறது. கேபிள் நிறுவனம் பணமாக அல்லாமல் சேவையாகத் தருவதையும் அந்த 5 சதவீதத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று மத்திய தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசி 2019-ல் ஆணையிட்டது. 2021-ல் ஆறாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் பெரும்பாலும் ஏற்றாலும், சந்தை விலையில் கழிக்கக் கூடாது, நிறுவனத்துக்கு அதனால் ஆகும் கூடுதல் செலவை மட்டுமே கழிக்கலாம் என்றது. 2019-ஐ மட்டும் படித்தவர்கள் தேவைக்கு மேல் விட்டுக்கொடுத்துவிடுவார்கள்.

எல்லா மாநிலமும் ஒன்று என்றும் நினைக்க வேண்டாம். மாசசூசெட்ஸில் இன்றும் ஊர்கள்தான் பேரம் பேசுகின்றன.

கேபிளை விட்டு நெட்ஃபிளிக்ஸுக்குப் போனவர்களிடமிருந்தும் உரிமக் கட்டணம் வரும் என்று பட்ஜெட் போடுவதும் ஆகாது. ஒஹாயோவின் மேப்பிள் ஹைட்ஸ் நகரம் அப்படிக் கேட்டுப் போட்ட வழக்கில், 2022-ல் அம்மாநில உச்ச நீதிமன்றம் கையை விரித்துவிட்டது. அதே கம்பியில் வரும் இணையச் சேவையின் வருமானமும் கேபிள் உரிமக் கட்டணக் கணக்கில் சேராது.