டான்சில் ஆபரேஷன்: வீட்டுக்கு வந்த பிறகு செய்யும் தவறுகள்

"டான்சில்தானே, சின்ன ஆபரேஷன்" என்று சொல்லிச் சொல்லியே, பாதிக் கவனத்தை ஆஸ்பத்திரி வாசலிலேயே விட்டுவிடுகிறோம். டான்சிலை எடுத்த இடத்தைப் பெரும்பாலும் தைத்து மூடுவதில்லை. புண் திறந்தபடியே இருந்து ஆறும். முதல் 24 மணி நேரத்தில் ரத்தம் கசிந்தால் சீக்கிரம் தெரிந்துவிடும். ஆனால் பொருக்கு உதிரும் சமயத்தில், பெரும்பாலும் 5 முதல் 10 நாளுக்குள், மறுபடி கசியலாம். அப்போது பிள்ளை வீட்டில் ஓடியாடிக்கொண்டிருக்கும்.

தூங்கும் பிள்ளை ரத்தத்தைத் துப்பாது, விழுங்கும். அதனால் தலையணையில் கறை இல்லை என்று நிம்மதியாகப் படுத்துவிடாதீர்கள். தூக்கத்தில் திரும்பத் திரும்ப எதையோ விழுங்குவதுபோல் தொண்டை அசைகிறதா? காபித்தூள் நிறத்தில் வாந்தி வந்ததா? விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. புதுச் சிவப்பு ரத்தம் கொஞ்சமே வந்து நின்றிருந்தாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். போகும் வழியில் பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைக்காமல், முன்னால் சாய்த்து உட்கார வையுங்கள்.

வலிக்குப் பயந்து தண்ணீர் குடிக்காத பிள்ளையை அப்படியே விடுவது அடுத்த தவறு. தொண்டை காய்ந்தால் வலி கூடும், வலி கூடினால் இன்னும் குடிக்காது. வலியும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வராது. மூன்றாம் நாளுக்கு மேல் கூடிவிட்டுத்தான் அடங்கும். எனவே அழுத பிறகு மருந்தைத் தேடாமல், டாக்டர் சொன்ன நேரத்துக்குக் கொடுத்துவிடுங்கள். சிறுநீர் குறைந்தால் டாக்டரிடம் சொல்லவும். காது வலிப்பதும் சகஜம்தான், தொண்டைக்கும் காதுக்கும் பொதுவாக ஓடும் நரம்பின் வேலை அது.

மருந்து என்றதும் ஒன்று: வீட்டில் மிச்சமிருக்கும் பெரியவர்கள் மாத்திரையில் பாதி உடைத்துத் தருவது ரொம்ப ஆபத்து. சில வலி மாத்திரைகளில் இருக்கும் கோடீன் என்ற மருந்து சிலர் உடம்பில் வேகமாக மார்ஃபினாக மாறி மூச்சையே அடக்கிவிடும். இந்த ஆபரேஷனுக்குப் பின் குழந்தைகளுக்கு அதைத் தரவே கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2013-லேயே எச்சரித்தது; 2017-ல் டிரமடால் என்ற வலி மருந்தையும் சேர்த்தது. குறட்டையும் மூச்சுத்திணறலும் இருந்ததால் ஆபரேஷன் செய்த பிள்ளைக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஆஸ்பிரினும் வேண்டாம்.

தொண்டையில் வெள்ளையாகப் படிந்திருப்பது சீழ் அல்ல, பொருக்குதான். சுரண்ட வேண்டாம்.

அப்புறம், ஆபரேஷனுக்கு முன்பே சொல்ல மறப்பவை: அடிக்கடி மூக்கில் ரத்தம் வருவது, பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்காமல் போனது. ஆடிக்கொண்டிருக்கும் பால்பல்லைக்கூட மயக்க மருந்து டாக்டரிடம் காட்டிவிடுங்கள். மயக்கத்தில் இருக்கும்போது அந்தப் பல் விழுந்தால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம்.